சம்மட்டியா, துளையா?

எங்கள் கோயிலுக்குப் பின்புறம் 70 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமுமாக ஒரு நிலம் இருக்கிறது. கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையின் இரைச்சல் எட்டும் தூரம்தான். திருவிழாக் காலத்தில் வண்டி நிறுத்தவும் மற்ற மாதங்களில் பந்தல் கால்களை அடுக்கி வைக்கவும் பயன்பட்டு வந்த அந்த இடத்தில் மூன்று மாடித் திருமண மண்டபம் எழுப்புவதென்று சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் ஆயிற்று. வரைபடம் தயார். நன்கொடைப் பட்டியலும் பாதி நிரம்பிவிட்டது. கட்டடம் நிற்கப் போகும் பரப்பு 25 மீட்டருக்கு 18 மீட்டர். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

அதைக் கண்டறிய வந்த நான்கு விலைப்புள்ளிகள் (ஒன்று துளையிட்டுப் பார்க்க, மூன்று நிலத்தில் அதிர்வலை எழுப்பிப் பார்க்க) இப்போது நிர்வாகக் குழுவின் மேசைமேல் கிடக்கின்றன. நான் இருபது ஆண்டுக்கு மேல் இந்த ஊரின் நிலத்தடி ஆய்வுக் குழுக்களோடு வெயிலில் நின்றவன். கம்பி இழுத்திருக்கிறேன், சம்மட்டி அடித்திருக்கிறேன், துளையிடும் பொறியின் அருகே சேற்றில் நின்று குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆகவே, "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பொருளாளர் ஐயா மட்டும் எழுந்துபோகும்போது தோளில் கை வைத்துக் கேட்டார்: "தம்பி, இரண்டு துளை போட்டுப் பார்த்தால் போதாதா? அலை, அதிர்வு என்று எதற்கு வீண் செலவு?"

கேள்வி நியாயமானது. ஊர்ப் பணத்துக்குக் காவல் இருப்பவர் இப்படித்தான் கேட்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்வதாகவே இதை எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கும் மற்றக் கோயில்களின், தமிழ்ப்பள்ளிகளின் கட்டடக் குழுக்களுக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சி.

பத்துமலையின் 272 படிகளை ஏறியவர்களுக்குச் சுண்ணாம்புப் பாறையின் குணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மழைநீர் அதைக் கரைக்கும். கரைந்த இடம் பொந்தாகும், பொந்து குகையாகும். 40 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்தச் சுண்ணாம்புப் பாறைதான் கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் படுத்திருக்கிறது. அங்கே மலையாக எழுந்து நிற்பது இங்கே ஆற்று வண்டலுக்கும் பழைய ஈய லம்பங்கள் (திறந்தவெளிச் சுரங்கங்கள்) கொட்டிவிட்டுப் போன கழிவு மணலுக்கும் சேற்றுக்கும் கீழே மறைந்து கிடக்கிறது. மறைந்திருக்கும் அந்தப் பாறை முகம் தரை போட்டது போலச் சமமாக இருக்காது. ஊசி ஊசியாகக் கொம்புகளும் அவற்றுக்கிடையே ஆழமான இடுக்குகளுமாக இருக்கும். ஓரிடத்தில் 6 மீட்டரில் பாறை தட்டும். நான்கு எட்டு தள்ளித் துளையிட்டால் 20 மீட்டர் போனாலும் தட்டாது.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கே இந்தத் தொல்லை வந்தது. முதலில் குறித்த இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரேலென்று இறங்கும் பள்ளம். கோபுரங்களை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்து, 4.5 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் மேடையும் அதன்கீழ் 100 மீட்டருக்கும் மேல் ஆழம் போகும் தூண்களும் போட்டார்கள். நமக்குத் தள்ளி வைக்க இடமும் கிடையாது, அத்தனை ஆழம் போகப் பணமும் கிடையாது.

2024 ஆகஸ்டு 23-ஆம் தேதியை இந்த ஊர்த் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில், நாம் புடவை வாங்கவும் சாப்பிடவும் தினம் நடக்கும் நடைபாதையில், நிலம் திறந்து ஒரு பெண்மணியை விழுங்கியது. குழி சுமார் 8 மீட்டர் ஆழம். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் எங்கள் குழுவில் நிலத்தடிச் சோதனை என்ற சொல்லையே சிலர் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில், பாறைக்குள் இருக்கும் குகை தானாக இடிந்து விழுவது அபூர்வம். ஆபத்து பெரும்பாலும் பாறைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மண்ணில்தான் தொடங்குகிறது. நிலத்தடி நீர் இறங்கினாலோ, குழாய் ஒன்று கசிந்துகொண்டே இருந்தாலோ, அந்த மண் துளித்துளியாகப் பாறை இடுக்குகளுக்குள் வழிந்து போகும். மேலே தரை அப்படியே இருக்கும். அடியில் மண் தளர்ந்து, பொங்கிய மாவு மாதிரி காற்றும் நீருமாக நிற்கும். ஒரு நாள் கூரை போய்விடும். ஆகவே நாம் நிலத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: பாறை எங்கே இருக்கிறது, அதன்மேல் இருக்கும் மண் எங்கே தளர்ந்திருக்கிறது. நான்கு விலைப்புள்ளிகளையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட்டேன்.

முதலில் பொருளாளர் ஐயா விரும்பும் துளை. இதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் 63.5 கிலோ எடையை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுக்கொண்டே இருப்பார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். ஐம்பது அடியானாலும் இறங்காவிட்டால் கெட்டி நிலம். ஒரே அடியில், சில சமயம் எடையை வைத்த மாத்திரத்திலேயே இறங்கிவிட்டால், அதுதான் நான் மேலே சொன்ன பொங்கிய மாவு. பாறையைத் தொட்டதும் குடைந்து, உருளை உருளையாகக் கல்லை எடுத்துப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். வேறு எந்தச் சோதனையும் இதைத் தராது.

துளையிடுபவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். குடைமுனையைக் குளிரவைக்க உள்ளே போகும் தண்ணீர் பால் நிறத்தில் மேலே திரும்பி வந்துகொண்டிருக்கும். அவர் சிகரெட்டோடு சாய்ந்து நிற்பார். திடீரென்று தண்ணீர் வருவது நின்றுவிடும். கம்பி அரை மீட்டர் சட்டென்று கீழே போகும். சிகரெட்டைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் நெம்புகோலைப் பிடிப்பார். குகை.

இவ்வளவு உறுதியான சாட்சி இருக்கும்போது வேறு எதற்கு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் விட்டமுள்ள ஒரு பொந்து நம் மண்டபத்துக்கு அடியில் எங்கோ இருக்கிறது என்று வையுங்கள். அதன் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். மண்டபத்தின் பரப்பு 450. மனம்போன இடத்தில் இரண்டு துளை போட்டால் அந்தப் பொந்தில் ஒன்றாவது விழ நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. ஆறு துளை போட்டாலும் நூற்றுக்கு ஒன்பதைத் தாண்டாது. துளை பொய் சொல்லாது; ஆனால் கையகல இடத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். வேலி ஓரமாக, லாரி நிறுத்த வசதியான இடமாகப் பார்த்து இரண்டு துளை போட்டு, "பாறை 11 மீட்டர்" என்று அறிக்கை வாங்கிக்கொண்டு, பைலிங் (அடித்தளத் தூண் இறக்கும் வேலை) தொடங்கியதும் தூண் 25 மீட்டர் தாண்டி இறங்குவதைப் பார்த்துக் கைபிசைந்த குழுக்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அலை முறைகள் இந்த இடத்தில்தான் உள்ளே வருகின்றன. டுரியான் கடைக்காரர் கத்திப் பிடியால் பழத்தைத் தட்டிக் காதருகே வைத்துப் பார்ப்பது எதற்கோ அதற்குத்தான் நாமும் நிலத்தைத் தட்டுகிறோம். வித்தியாசம் என்னவென்றால், அவருக்கு ஒரு காது போதும்; நாம் 24 காதுகளை வரிசையாக நடுகிறோம். ஜியோபோன் என்னும் அந்தக் காது, உள்ளங்கையில் அடங்கும் உருளை. அடியில் ஓர் ஆணி. இரண்டிரண்டு மீட்டருக்கு ஒன்றாக 46 மீட்டர் நீளத்துக்கு மண்ணில் குத்தி, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைத்து, ஓர் ஓரத்தில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். அடிக்குமுன் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் கோயிலில் இது சுலபமாக நடக்காது: ஒரு பக்கம் தவில் ஒத்திகை, மறு பக்கம் கொமுட்டர் ரயில். ஒன்பது முறை அடித்துப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், சிதறலான இரைச்சலுக்கு எதிரே நம் அடி மூன்று மடங்கு தெளிவாகும். ஆகவே தோள்பட்டைக்கு வேலை அதிகம்.

கணினித் திரையில் அந்த ஒரே அடி மூன்றாகப் பிரிந்து வருவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத காட்சி. கடைசி ஜியோபோனைப் பாருங்கள். சுமார் 30 மில்லிநொடியில் மெல்லிய நடுக்கம் ஒன்று வரும். நிலத்தடி நீர் நிறைந்த மண்ணின் வழியே நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் ஓடிவந்த அமுக்க அலை அது. 135 மில்லிநொடியில் இன்னொன்று. சம்மட்டியின் 'டங்' என்ற ஓசை, காற்று வழியாக நொடிக்கு 340 மீட்டரில் நடந்து வந்திருக்கிறது. அதற்கும் பின்னால், கால் நொடி கழித்து, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, சோம்பலாக உருண்டு வருவது மேற்பரப்பு அலை. முதலில் வருவதை வைத்துப் படம் எடுப்பது ஒரு முறை. கடைசியில் வருவதை வைத்து எடுப்பது இன்னொரு முறை. மேசைமேல் கிடக்கும் இரண்டு விலைப்புள்ளிகளுக்கு உள்ள வேறுபாடு இதுதான்.

முதல் வரவை வைத்துச் செய்வது விலகலலை முறை. ஜாலான் ஈப்போவிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பக்கத்திலே போவதென்றால் உள்சாலையிலேயே போய்விடலாம். டியூக் நெடுஞ்சாலைக்கு ஏறி இறங்குவது வீண் சுற்று. தூரம் கூடக்கூட, சுற்றிக்கொண்டு போனாலும் நெடுஞ்சாலைக்காரர்தான் முந்துவார். மண் உள்சாலை, பாறை நெடுஞ்சாலை. பாறைவரை இறங்கி, அதன் முகத்தோடு நொடிக்கு 4,000 மீட்டர் வேகத்தில் ஓடி, மறுபடி மேலேறி வரும் அலை எந்தத் தூரத்தில் நேர்வழி அலையை முந்துகிறது என்று கண்டுபிடித்தால் பாறையின் ஆழம் கணக்கில் வந்துவிடும். 1909-இல் குரோவாசியாவில் நடந்த நிலநடுக்கப் பதிவுகளில் ஆண்டிரியா மோகோரோவிச்சிச் என்ற அறிஞர் இதே முந்தலைக் கவனித்துத்தான் பூமியின் மேலோட்டுக்கு ஓர் அடிமட்டம் உண்டென்று சொன்னார். அவர் கணித்த ஆழம் 54 கிலோமீட்டர். நமக்குத் தேவை 20 மீட்டர். கணக்கு ஒன்றேதான்.

அந்தக் கணக்கை நம் நிலத்துக்குப் போட்டால்தான் வில்லங்கம் தெரிகிறது. மண்ணில் 1,500, பாறையில் 4,000, ஆழம் 20 மீட்டர் என்று கொண்டால் பாறை அலை முந்தத் தொடங்கும் தூரம் ஏறத்தாழ 60 மீட்டர். நம் நிலத்தின் முழு நீளமே 70. அதாவது, கடைசி 10 மீட்டரில் மட்டுமே பாறையின் குரல் கேட்கும். ஒழுங்காகச் செய்ய 100 மீட்டருக்கு மேல் நேர்கோடு வேண்டும். அதற்குப் பக்கத்துப் பட்டறையின் கூரையைத்தான் பிரிக்க வேண்டும். பாறை 6, 7 மீட்டரில் இருந்தால் இந்த முறை அழகாக வேலை செய்யும். ஆனால் பாறை எந்த ஆழத்தில் இருக்கிறதென்று தெரியாமல்தானே சோதனையே செய்கிறோம்.

இன்னும் இரண்டு குறை. கீழே போகப் போக வேகம் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் இந்த முறை நிற்கிறது. கெட்டியான மண்ணுக்குக் கீழே தளர்ந்த மண் ஒளிந்திருந்தால் அதைக் காணவே காணாது. நமக்கோ அந்தத் தளர்ந்த மண்தான் முக்கியம். அடுத்து, பாறைக் கொம்புகளின் உச்சியைத் தொட்டுத் தொட்டுத் தாண்டி ஓடிவரும் அலைக்கு இடுக்குகளின் ஆழம் தெரியாது. பல ஆண்டுக்கு முன், நகரின் தென்கிழக்கே செராஸ் பக்கம் ஒரு குடியிருப்பு மனைக்கு நாங்கள் எடுத்த விலகலலைப் படத்தில் பாறை 12 மீட்டரில் தட்டையாகக் கிடந்தது. வரைந்தவன் நான்தான், வண்ணம் கூட நன்றாக வந்திருந்தது. தூண் இறக்கியபோது ஒன்று 11-இல் நின்றது, அடுத்தது 30-ஐத் தாண்டியது. உச்சிகளை இணைத்துக் கோடு போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியில் உருண்டு வரும் அலையை வைத்துச் செய்வது மேற்பரப்பு அலைப் பகுப்பாய்வு. களத்தில் எம்.ஏ.எஸ்.டபிள்யூ. என்பார்கள். இந்த அலை இருக்கிறதென்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு 1885-இலேயே கணக்கில் காட்டிவிட்டார். ஆனால் எண்ணெய் தேடுகிறவர்களுக்கு இது நெடுங்காலம் வெறும் தொந்தரவாகத்தான் இருந்தது. அவர்கள் தேடிய எதிரொலியை இது மூடிவிடும். எப்படி வடிகட்டி எறிவது என்றே கவலைப்பட்டார்கள். தரையைச் செங்குத்தாக அடிக்கும்போது வெளிப்படும் அலை ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு இதற்குத்தான் போகிறது என்பதால், அவர்கள் எறிந்தது சரக்கில் பாதிக்கும் மேல். 1999-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்க், மில்லர், சியா மூவரும் பல ஜியோபோன்களை வைத்து இதைப் படிக்கும் வழியை வெளியிட்ட பிறகு, கட்டடக்காரர்கள் பக்கம் இது விரைவாகப் பரவியது.

சங்கதி இதுதான். நீண்ட அலை ஆழமாகத் தோயும். குறுகிய அலை மேலோடு போய்விடும். ஒவ்வொரு நீளமும் என்ன வேகத்தில் போகிறதென்று பிரித்துப் பார்த்தால், ஆழத்துக்கு ஆழம் மண் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதென்று தெரிந்துவிடும். மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துப் போகும் குறுக்கலையின் வேகத்துக்கு ரேலே அலையின் வேகம் மிக அருகில், பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேலே நிற்கும். குறுக்கலைக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரால் அதைத் தாங்க முடியாது என்பதால், மண் துகள்களின் பிடிமானத்தை மட்டுமே அது சொல்லும். நீர் நிறைந்த சேறும் நீர் நிறைந்த மணலும் அமுக்க அலைக்கு ஒரே 1,500-ஆகத் தெரியும். குறுக்கலைக்கோ ஒன்று 120, மற்றது 250. கெட்டிக்குக் கீழே தளர்வு இருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். நம் இரண்டாவது கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இந்த விலையில் கிடைக்காது.

குறை இல்லாமல் இல்லை. சம்மட்டியால் நீண்ட அலையை எழுப்ப முடியாது. நொடிக்கு 10 அதிர்வுக்குக் கீழே அதன் வலு சரிந்துவிடும். நம் ஊர் இளகிய மண்ணில் 250 மீட்டர் வேகத்துக்கு அது 25 மீட்டர் நீள அலை. பாதி நீளம்தான் ஆழம் என்ற நடைமுறைக் கணக்கில் 12, 13 மீட்டரோடு படம் மங்கிவிடும். அதற்குக் கீழே பார்க்க நம்மிடம் ஓர் இலவச இயந்திரம் இருக்கிறது: ஜாலான் ஈப்போ. பஸ்களும் லாரிகளும் இரவு பகலாக நிலத்தை மெதுவாக, கனமாக ஆட்டுகின்றன. ஜியோபோன்களை வட்டமாகவோ குறுக்குநெடுக்காகவோ நட்டு, அரைமணி நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே ஆழத்துப் படம் கிடைக்கும். போக்குவரத்தை நான் வாழ்த்திய ஒரே சந்தர்ப்பம் இது.

பெரிய குறை வேறு. இந்த முறை கம்பியின் நீளத்துக்குச் சராசரி எடுத்துத்தான் பேசும். 15 மீட்டர் ஆழத்தில் மூன்று மீட்டர்ப் பொந்து இருந்தால் அது தெரியாது. "உங்கள் நிலத்தடிக் குகைகளைத் துல்லியமாகக் காட்டுவோம்" என்று ஒரு விலைப்புள்ளியில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த வரிக்காகவே அந்தத் தாளை நான் ஓரமாக வைத்துவிட்டேன். பொந்துக்கு மேலே மண் தளர்ந்திருந்தால், அந்தத் தளர்வு ஒரு கறைபோலப் படத்தில் விழும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்; நமக்கு அது போதும், ஏனென்றால் துளையை எங்கே போடுவதென்று அந்தக் கறை சொல்லிவிடும்.

நான்காவது விலைப்புள்ளி துளைக்கிடை அலைப்படம். பெயர் போலவே விலையும் பெரிது. 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் குழாய் இறக்கி, ஒன்றில் மின்பொறியால் அலை எழுப்பி, மற்றதில் தண்ணீருக்குள் தொங்கும் ஒலிவாங்கிகளில் கேட்பார்கள். மருத்துவமனையில் உடலைச் சுற்றிச் சுற்றி ஊடுகதிர்ப் படம் எடுத்துத் துண்டு துண்டாகக் காட்டுவதற்கு ஒப்பானது. பாறைக்குள்ளேயே நின்று பார்ப்பதால் மேற்பரப்பு முறைகளை விடக் கூர்மை பல மடங்கு. ஆனாலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலை அவசரக்காரன்; மெதுவான பொந்தைக் கண்டால் உள்ளே நுழையாமல் சுற்றிக்கொண்டு பாறை வழியாகவே வந்துவிடும். முதலில் வந்ததை மட்டும் அளக்கும் நாம், பொந்தை அதன் உண்மையான அளவைவிடச் சிறியதாக, மங்கலாகப் பார்ப்போம். அதோடு, இரண்டு துளைக்கு நடுவே உள்ள ஒரே ஒரு தாள்போன்ற வெட்டுமுகம்தான் கிடைக்கும். முப்பது மாடிக்கு இது வேண்டும். நமக்கு முதல் செலவாக வேண்டாம்.

அலை சாராத சில யோசனைகளும் கூட்டத்தில் எழுந்தன. மஸ்ஜித் இந்தியாத் தேடலின்போது தொலைக்காட்சியில் பார்த்த, தள்ளுவண்டிபோல உருட்டிச் செல்லும் நிலம் ஊடுருவும் ரேடாரை இளைஞர் ஒருவர் வற்புறுத்தினார். நம் ஊர் ஈரக் களிமண் ரேடார் அலையைக் குடித்துவிடும். இரண்டு மூன்று மீட்டரோடு சரி. பழைய குழாய் எங்கே போகிறதென்று பார்க்கலாம், பாறையைத் தேட முடியாது. மின்தடை அளவீடு அப்படியில்லை. கெட்டிச் சுண்ணாம்பு மின்சாரத்தைக் கடத்தாது, ஈரக் களி நன்றாகக் கடத்தும். ஆகவே பாறை இடுக்குகளில் களி நிரம்பியிருப்பதை அது அலையைவிடப் பளிச்சென்று காட்டும். ஆழம் கோட்டு நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் நமக்கு 14 மீட்டர்வரை கிடைக்கும். இரும்பு வேலியும் மின்கம்பத்தின் நிலக்கம்பியும் படத்தைக் குழப்பும்; கோட்டை நிலத்தின் நடுவே இழுத்தால் சமாளிக்கலாம். எண்ணெய்க் கம்பெனிகள் கடலில் செய்யும் எதிரொலிப்பு முறையை யாரோ விசாரித்தார்கள். 20 மீட்டருக்குள் அது நமக்குத் தோதுப்படாது.

இனிப் பொருளாளர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். கடைசியில் துளைதான் போடப் போகிறோம் என்றால் அலைக்கு எதற்குப் பணம்? என் கணக்கு இது. குருட்டாம்போக்கில் ஆறு துளை போடும் பணத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மேற்பரப்பு அலைக் கோடுகளும், நீளக் கோட்டின்மேலேயே ஒரு மின்தடைக் கோடும், கூடவே மூன்று துளைகளும் அடங்கிவிடுகின்றன. மூன்றில் இரண்டு துளை, இரண்டு படங்களிலும் சந்தேகம் விழும் இடங்களில் போட வேண்டும். மூன்றாவதை, இரண்டு படங்களும் "இங்கே எல்லாம் நலம்" என்று சொல்லும் இடத்தில் போட வேண்டும். இதைக் கேட்டதும் செயலாளர் சிரித்தார்: நல்ல இடத்தைத் தோண்டிப் பார்ப்பானேன்? அந்த நல்ல இடத்தில் 230 என்று படம் சொல்லும் வேகத்துக்கு உண்மையில் என்ன மண் நிற்கிறதென்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் மற்ற இடத்து எண்களுக்குப் பொருள் வரும். அந்தத் துளை இல்லாவிட்டால் படம் வெறும் வண்ணக் கோலம். நான் செராஸ் பக்கம் வரைந்ததைப் போல.

இந்த மூன்று துளையும் எல்லாப் பொந்தையும் பிடித்துவிடும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிடிக்காமல் போகலாம். ஆனால் மண் தளர்ந்த இடம் கோட்டுக்கு அடியில் இருந்தால் அது நம் கண்ணில் படாமல் போவது கடினம். மூன்று மாடிக் கட்டடத்தை முதலில் சாய்ப்பது அதுதான். கட்டுவது வெறும் தகரக் கொட்டகையாக இருந்தால், ஐயா சொன்ன இரண்டு துளையோடு நானும் நின்றிருப்பேன். மாறாக, பக்கத்து மனையில் யாராவது நிலவறை தோண்டி நீரை இறைக்கத் தொடங்கினால், துளைக்கிடைப் படத்துக்கும் நானே கை தூக்குவேன்.

கம்பெனியிடம் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். வண்ணப் படத்தோடு ஜியோபோன் பதிவுகளின் மூலக் கோப்புகளையும் தருவார்களா? படத்தில் எந்த ஆழத்துக்குக் கீழே நம்பகம் குறைகிறதென்று கோடு போட்டுக் காட்டுவார்களா? துளையில் கிடைத்ததை வைத்துப் படத்தைத் திருத்தி இரண்டாம் அறிக்கை தருவார்களா? மூன்றாவதற்கு இருவர்தான் ஆம் என்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் விலை குறைவு.

அடுத்த செவ்வாய் இரவு, அர்த்தசாம பூசை முடிந்து நடை சாத்தியபின், ஜியோபோன்களை நட்டுச் சாலையைக் கேட்கப் போகிறோம். மறுநாள் காலை தவிலுக்கு விடுமுறை, சம்மட்டிக்கு முறை. முதல் அடியைத் தான் அடிப்பதாகப் பொருளாளர் ஐயா சொல்லியிருக்கிறார். எழுபத்திரண்டு வயது, எட்டு கிலோ சம்மட்டி. இரண்டாவது அடியிலிருந்து நான் வாங்கிக்கொள்வேன். மூன்று துளைக்கு ஒப்புதல் ஆகிவிட்டது. நான்காவது ஒன்றுக்கான பணத்தைத் தொடாமல் வங்கியிலேயே வைத்திருக்கும்படி கேட்டிருக்கிறேன். அதன் இடத்தை முதல் துளையில் தண்ணீர் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் குறிப்பேன்.